ஓடை மெலிந்த வெள்ளிக்கிழமை

ஏப்ரல் கடைசியில் சரிவுக்கு ஆட்களை ஏற்றும் லிஃப்டுகள் நின்றுவிட்டால் ஃபெர்னாய் மலைக்கிராமத்துப் பனிச்சறுக்கு வாத்தியார்கள் எல்லாரும் வேறு ஆட்களாகிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு விருந்தாளிகள் முன்னால் நட்சத்திரமாக நடமாடியவர்களில் ஒருத்தர் கூரை வேயப் போவார், ஒருத்தர் பொக்லைன் ஓட்டுவார், ஒருத்தர் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மேட்டுக்கு ஏறிவிடுவார். சறுக்குப் பந்தயக்காரர்கள் சைக்கிளில் கணவாய் ஏறி இறங்கித் தொடையைத் தேற்றுவார்கள்.

பூர்கி பனியாற்றுக்குத் துணி போர்த்துவாள்.

குளிர்காலத்தில் அவள் மீட்புக் குழுவின் தலைவி. வயது முப்பத்தாறு. கோடையில் இந்த வேலைக்கு வந்து இது ஒன்பதாவது வருஷம். எழுபது மீட்டர் நீளமுள்ள கனத்த வெள்ளைத் துணிச்சுருள்களை இயந்திரத்தில் கட்டி இழுத்துச் சரிவில் விரிக்க வேண்டும். ஒன்றோடொன்று தைக்க வேண்டும். காற்று தூக்காமல் ஓரமெல்லாம் மணல்மூட்டை வைக்க வேண்டும். அப்படி மூடி வைத்தால் செப்டம்பரில் துணியை உரிக்கும்போது ஆளுயரத்துக்குப் பனி மிஞ்சியிருக்கும். அது மிஞ்சாவிட்டால் குளிர்காலத்தில் லிஃப்ட் நிலையம்வரை சறுக்கி வர வழியே இருக்காது. விரித்து முடித்த பிறகும் சும்மா இருக்க முடியாது. தையல் பிரிந்த இடத்தைத் தைத்துக்கொண்டு, சரிந்த மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு தினமும் அதன்மேல் நடக்க வேண்டும். அவளோடு நடந்தவன் செவெரின். பந்தயத்தில் ஓடுகிற பையன்தான், இருபத்தாறு வயது. வாய் ஓயாது.

அந்த ஜூலையில் பதினெட்டு நாள் ஒரே வெயில். மேலே, பனியாற்றின் நெற்றியில்கூட இரவில் உறையவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை துணியில் ஓரிடம் உள்வாங்கியிருப்பதைப் பூர்கி பார்த்தாள். சாப்பாட்டு மேசை அகலம், ஒரு கையளவு ஆழம். அதில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. வெயிலுக்கு அங்கங்கே அமுங்குவது வழக்கம்தான் என்று கடந்துபோனாள். புதன்கிழமை அதே இடம் முழங்காலளவு இறங்கியிருந்தது, அகலமும் ஒரு அறையளவுக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தையலைப் பிரித்துத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். கீழே பனியில் ஒரு வெடிப்பு இருந்தது.

வெடிப்பு அவளுக்குப் புதிதில்லை. பனியாறு நகர்ந்தால் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் பார்த்த வெடிப்புகளெல்லாம் சரிவுக்குக் குறுக்கே நேராகப் போகிறவை. இது அரிவாள் போல வளைந்திருந்தது. வியாழக்கிழமை அதற்கு உட்புறமாக, அதே வளைவில் இன்னொன்று வந்துவிட்டது. யாரோ அடியிலிருந்து வட்டம் போட்டு அறுத்துக்கொண்டு வருவது போலிருந்தது.

சரிவுகளுக்கெல்லாம் பொறுப்பாளர் கோர்பினியான். ஐம்பத்தெட்டு வயதில் முகமெல்லாம் வெயிலில் வெந்து சுருங்கியிருக்கும், கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுப்பு. முப்பத்து மூன்று வருஷமாக அந்தப் பனியாற்றின் மேலேயே கிடப்பவர். பூர்கி சொன்னதைக் கேட்டுவிட்டு, இந்த ஐஸுக்கும் என்னைப் போல வயசாகிவிட்டது, அங்கங்கே குழி விழத்தான் செய்யும் என்று சிரித்தார். பள்ளத்தில் மூட்டை அடுக்கி, மேலே இன்னொரு துணி போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. லிஃப்ட் நிலையத்துப் படியில் உட்கார்ந்து பூர்கியும் செவெரினும் கறுப்பு ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்றுகொண்டிருந்தார்கள். திடீரென்று பூர்கி ரொட்டியைக் கீழே வைத்தாள். செவெரின் மெல்லுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

அந்தப் படியில் அது கேட்கவே கூடாது. நூறு மீட்டர் கீழே பனியாற்றின் வாயிலிருந்து ஓடை பாய்கிறது. கோடை மதியத்தில் அதன் இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும்.

"செவெரின், பேசாத."

"நான் எங்க பேசினேன்? திங்கறேன்."

"தின்னவும் வேணாம். கேளு."

அவன் கேட்டான். மெல்லுவதை நிறுத்தினான்.

இருவரும் இறங்கிப் போனார்கள். நேற்றுவரை இடுப்பளவு ஓடிய சாம்பல் நிறத் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. கரைக் கற்களில் ஈரக்கோடு மட்டும் உயரத்தில் இருந்தது. வெயிலில் அது காய்ந்துகொண்டிருந்தது. பனிக்குகையின் வாயிலிருந்து எப்போதும் வீசும் குளிர்காற்றும் நின்றுபோயிருந்தது. உள்ளே வெகுதூரத்தில் ஏதோ விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

கோர்பினியான் லிஃப்ட் நிலையத்து அலுவலகத்தில் இருந்தார். மலைமேல் அவர்களுக்குள் 'நீங்க' என்ற பேச்சே கிடையாது, முதலாளியானாலும் சரி.

"ஓடை நின்னு போச்சு," என்றாள்.

"நல்லதுதானே. ஐஸ் உருகலன்னு அர்த்தம்."

"இந்த வெயில்லயா? உருகுது. உருகின தண்ணி வெளிய வரல. பள்ளம் விழுந்த இடத்துல ஐஸுக்கு அடியில இருக்கற குகைக் கூரை இடிஞ்சு வழிய அடைச்சிருக்கு. பின்னால தேங்கிக்கிட்டு இருக்கு."

கோர்பினியான் உடனே மறுத்துவிடவில்லை. தொலைபேசியை எடுத்து நகரத்தில் இருக்கும் நீரியல் நிபுணரைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை காலையில்தான் வர முடியும் என்று பதில் வந்தது. கீழே ஓடைக்கரைக் கூழாங்கல் திட்டில் கோடைப் பயிற்சிக்கு வந்த பந்தயக்காரர்கள் பத்தொன்பது பேர் கூடாரம் அடித்திருந்தார்கள். எதிர்க்கரைப் புல்வெளியில் பூர்கியின் கணவன் வென்டெலின் புல் அறுத்துப் போட்டிருந்தான். இவர்களை உடனே மேட்டுக்கு ஏற்ற வேண்டும், பாலத்துச் சாலையை மூட வேண்டும் என்றாள் பூர்கி.

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். போன பிப்ரவரியில் பனிச்சரிவு வரும் என்று சொல்லிக் கிழக்குச் சரிவை இரண்டு நாள் மூட வைத்தவள் அவள். ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை. விருந்தாளிகள் கத்தினார்கள். ஊர்ச் சாராயக்கடையில், வானத்தில் மேகத்தைக் கண்டால், 'பூர்கிகிட்ட கேட்டுட்டு வெளிய வா' என்பது இன்னும் வேடிக்கைப் பேச்சு. அன்றைக்கு அவளுக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவர் இதே கோர்பினியான்தான்.

"திங்கக்கிழமை அந்தாளு வந்து பாக்கட்டும்," என்றார்.

"நான் கீழ போறேன்."

"போ. ஆனா உன் பேர்ல சொல்லு. என் பேரச் சொல்லாத."

வேலையாட்களுக்காகக் கோடையிலும் ஓடும் கேபிள் பெட்டி கீழே இறங்கப் பதினோரு நிமிஷம். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். ஓடை ஒரு நூல்போலக் கிடந்தது. வழக்கமாகத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் வெளிறிய கற்கள் வரிசையாக வெளியே தெரிந்தன. பந்தயக்காரர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஓடையின் நடுவிலேயே கல்லுக்குக் கல் தாவிக் கால்களுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

வென்டெலினும் குளிர்காலத்தில் சறுக்கு வாத்தியார்தான். கோடையில் அப்பாவின் நிலம். டிராக்டரைப் புல்வெளி ஓரத்தில் நிறுத்திவிட்டு, காய்ந்த புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் ஓடி வருவதைப் பார்த்ததுமே புல் புரட்டும் கவைக்கம்பை ஊன்றி நின்றான். பிப்ரவரிக்குப் பிறகு சாராயக்கடைப் பேச்சையெல்லாம் அவளுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"நிச்சயமா வருமா?" என்று மட்டும் கேட்டான்.

"நிச்சயம் இல்ல."

"அப்ப சரி, கிளம்பறேன். பிப்ரவரி மாதிரி நிச்சயம்னு சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்."

வெட்டிப் போட்ட புல்லை அவன் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். டிராக்டரைக் கிளப்பவும் நேரம் இல்லை என்று அவள் சொல்ல, அதையும் அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பாலத்தைக் கடந்து கூடாரங்களுக்கு ஓடினார்கள்.

பயிற்சியாளர் நெடிய ஆள், கழுத்தில் விசில். யார் உத்தரவு என்று கேட்டார். உத்தரவு இல்லை, நான் மீட்புக் குழுத் தலைவி என்றாள் பூர்கி. கோடையிலுமா என்று அவர் கேட்டார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுகிறோம், இந்த வெயிலில் கூடாரத்தைப் பிரிக்க அரைமணி நேரம் ஆகுமே என்று அவர் இழுத்தார். கூடாரம் கிடக்கட்டும், ஆட்கள் ஏறுங்கள் என்று வென்டெலின் அவர் தோளைப் பிடித்தான். தோளிலிருந்து கையை எடுக்கச் சொன்னார் அவர்.

அப்போது பூர்கியின் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. கோர்பினியானின் குரல். மூச்சு இரைத்தது.

"பூர்கி. என் பேர்ல சொல்லு. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்து. இப்பவே."

பயிற்சியாளர் அதைக் கேட்டார். விசிலை வாயில் வைத்து ஊதினார்.

கூடாரங்களுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்த மேடு செங்குத்தாக அறுபது மீட்டர். பந்தயக்காரர்கள் தொடை பலத்தில் ஆடுகள் போல ஏறினார்கள். ஒரு பெண் மட்டும் காலணிக்காகத் திரும்பினாள், வென்டெலின் அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டு ஏறினான். பாதி மேட்டில் வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது. இந்த முறை செவெரின்.

"பூர்கி, கோர்பினியான் உள்ள போயிட்டாரு. துணியோட போயிட்டாரு."

அவள் நின்றுவிட்டாள். மேலே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடுதான் முழுதாகத் தெரிந்துகொண்டாள். அவள் கிளம்பிய ஐந்தாவது நிமிஷமே கோர்பினியான் எழுந்து, செவெரினையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போயிருக்கிறார். கயிற்றின் ஒரு நுனியைத் துணி இழுக்கும் இயந்திரத்தில் கட்டி, மறுநுனியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு, துணிமேல் தவழ்ந்து போய்க் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டதும் அங்கேயே படுத்தபடி அவளைக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பித் தவழ்ந்து வருவதற்குள் வட்டம் மொத்தமாக உள்ளே போய்விட்டது.

"கயிறு இறுகியிருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"இயந்திரம் நகருதா?"

"நகரல. பூர்கி, கீழ தண்ணி சத்தம் கேக்குது. ரொம்ப."

"நீ கிட்டப் போகாத. இயந்திரத்துக்குப் பின்னால நில்லு. ஹெலிகாப்டரக் கூப்பிடறேன். என்கூடப் பேசிக்கிட்டே இரு."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். என்ன பேசினான் என்று அவளுக்கு நினைவில்லை.

முதலில் வந்தது தண்ணீர் இல்லை, காற்று. ஈரமான, மண்வாடையடிக்கிற குளிர்காற்று பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக வீசிக் கூடாரங்களைப் படுக்க வைத்தது. கொட்டகை மாடுகள் எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பின. பிறகு வளைவைச் சுற்றிப் பழுப்பாக ஒன்று வந்தது. அதன் முகப்பில் பனிப்பாளங்கள் உருண்டன, வீட்டளவு பாளங்கள். ஆளில்லாத பாலம் முறிந்த சத்தம்கூடத் தனியாகக் கேட்கவில்லை. கூடாரங்கள், டிராக்டர், அறுத்துப் போட்ட புல், கரையோர மரங்கள் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே இல்லாமல் போயின. பழுப்புக்கு நடுவில் நீளமாக வெள்ளைத்துணி புரண்டு புரண்டு போனது. அவள் கையால் தைத்த துணி.

பயிற்சியாளர் தன் ஆட்களை மூன்று முறை எண்ணினார். பத்தொன்பது. அதற்குப் பிறகு புல்லில் உட்கார்ந்துகொண்டார்.

கேபிள் பெட்டி நின்றுவிட்டது. பூர்கியால் மேலே போக வழியில்லை. ஹெலிகாப்டர் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கோர்பினியான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். விழுந்த பாளம் ஒன்று அவரைப் பனிச்சுவரோடு அழுத்தியிருந்தது. உயிரோடுதான் எடுத்தார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து இன்ஸ்ப்ரூக் நகர மருத்துவமனையில்தான் பூர்கி அவரைப் பார்த்தாள். கண்ணாடித் தடம் மறைந்து முகமெல்லாம் ஒரே நிறமாக வெளுத்திருந்தது. அங்கே காதை வைத்தபோது என்ன கேட்டது என்று அவள் கேட்டாள். கீழ்வீட்டில் மேசை நாற்காலியை இழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது என்றார்.

"பள்ளத்துல போய்க் கேட்டுத்தான் நான் நம்பினேன்னு எல்லாரும் நினைக்கறாங்க," என்றார். "நீ வந்து நின்னு ஓடை நின்னு போச்சுன்னு சொன்னியே, அப்பவே நம்பிட்டேன். நம்பினதாலதான் உன் பேர்ல சொல்லுன்னேன். தப்பாப் போனா மறுபடி உன் தலையிலயே விழட்டும்னு."

பூர்கிக்குக் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, கோபம் வரவில்லை. அவருக்குத் தலையணையை ஏற்றி வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அடுத்த வாரமும் போனாள். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

அவருடைய பொறுப்பு அவளிடம் வந்தது. செப்டம்பரில் நீரியல் நிபுணர் பனியாறு முழுக்க நடந்து பார்த்தார். பனியாற்றின் உச்சியில், லிஃப்டின் மேல் நிலையத்துக்குப் பக்கத்தில், துணி போர்த்தாத வெற்றுப் பனியில், இன்னொரு வளைந்த வெடிப்பு. இப்போதைக்கு மெல்லியதுதான் என்றார். எத்தனை வருஷத்துக்கு மெல்லியதாக இருக்கும் என்பதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி முதல் பனி விழுந்தது. காலையில் எழுந்து பார்த்தால் பெரிய பள்ளத்தின் விளிம்பெல்லாம் மழுங்கி, மேல் வெடிப்பு இருந்த தடமே இல்லாமல் சரிவு முழுக்க ஒரே வெள்ளை. ஊரில் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. சறுக்குக்கட்டைகளுக்கு மெழுகு பூச ஆரம்பித்துவிட்டார்கள். பூர்கியும் செவெரினும் எச்சரிக்கைக் கம்பங்களைச் சுமந்துகொண்டு, ஒருவரோடொருவர் கயிற்றில் கட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். அவள் முன்னால் போனாள். ஒவ்வொரு அடிக்கும் நீண்ட கம்பியைப் பனிக்குள் இறக்கி, அது கெட்டி ஐஸில் முட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள்.