ஏரிக்காரம்மாவைக் கொளுத்திய படம்

சினிமாக்காரர்களுக்கு ராணி என்றால் ஒன்று காதலிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். கணவன் போன பிறகும் முப்பது வருஷம் உயிரோடு இருந்து ஏரி வெட்டினாள் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

நான் ஜான்சி. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கீரப்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஏரி மதகின் கல்வெட்டைப் படித்துக் கட்டுரை எழுதினேன். போரில் கணவனை இழந்த சோழ அரசி ஒருத்தி, முப்பது ஆண்டு கழித்து அந்த ஏரியை வெட்டிக் கொடுத்தாள் என்கிறது அந்தக் கல். ஊரார் அவளை ஏரிக்காரம்மா என்பார்கள். சம்பாவுக்கு மதகு திறக்கும் நாளில் முதல் பூவைத் தண்ணீரில் விடுவது கணவனை இழந்த ஒரு பெண்தான். வேறு எந்த நல்ல காரியத்திலும் அவளை முன்னால் நிற்கவிடாத ஊர், அன்றைக்கு மட்டும் வீடு தேடி வந்து அழைக்கும். பதினோரு வருஷமாகத் தனம் அக்காதான் பூ விட்டு வந்தார்.

என் கட்டுரையைப் படித்துவிட்டு சித்தார்த் என்ற இயக்குநர் வந்தான். என்னை வரலாற்று ஆலோசகர் ஆக்கினான். படத்துக்குப் போட்ட அரண்மனை செட்டில், சமையல்கட்டில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. சோழர் காலத்தில் மிளகாயே கிடையாது என்றேன், உடனே எடுத்துவிட்டான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று பூரித்துப்போனேன். அப்புறம்தான் கடைசிக் காட்சியைக் காட்டினான். ராஜா செத்த சேதி வருகிறது. ராணி பட்டுப்புடவையோடு தீயில் இறங்குகிறாள்.

"இன்னா தம்பி இது? அவங்க சாவவே இல்லியே. ஏரிய வெட்டுனதே அதுக்கப்பறந்தான்."

"ஏரி வெட்டறத எவ்ளோ நேரம் காட்டறது மேடம்? ஆடியன்ஸ் அழுவணும்."

"மிளகாய எடுத்தீங்க. இத எடுக்க முடியாதா?"

"அது டீடெய்லு மேடம். இது எமோஷன். வேணும்னா உங்க பேர எடுத்துடறேன்."

அங்கேதான் நான் சறுக்கினேன். படத்தில் என் பேர் வரப்போகிறது என்று மஞ்சக்குப்பத்தில் என் நாத்தனார் சுவேதா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சர்ச்சில்கூட வாழ்த்தினார்கள். சினிமாவை யார் நிஜமென்று நம்பப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பேரை விட்டுவைத்தேன். கடலூர் தியேட்டரில் அது திரை முழுக்க வந்தபோது சுவேதா விசிலடித்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பிடித்திருந்தது. கடைசியில் எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

இந்த வருஷம் மதகு திறப்புக்கு ஊர்த்தலைவர் அருள்முருகன் என்னை அழைத்திருந்தார். போய்ப் பார்த்தால், மதகுக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிப் பட்டு சுற்றிய புதுக்கல் ஒன்று. ஏரிக்காரம்மா இப்போது தீப்பாஞ்ச அம்மனாம். பூத்தட்டு தலைவரின் மருமகள் கையில் இருந்தது. போன தையில் கல்யாணமான பெண். தனம் அக்கா கூட்டத்துக்குப் பின்னால் வரப்பில் நின்றிருந்தார்.

"தனம் அக்கா பூ போடலியாங்க?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"எப்டி மேடம்? புருஷனோடவே போன சுமங்கலி சாமி அது. தாலி இல்லாதவங்க போடலாமா? இத்தினி வருஷம் தப்பு பண்ணிட்டோம்."

"யாருங்க சொன்னது? கல்லுலியே எழுதியிருக்குதுங்க!" மதகடிக்கு இறங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

"படத்துல உங்க பேருதான மேடம் வந்துச்சி?" என்றார் தலைவர், மரியாதையாகவே. "நீங்களே சொன்னதாச்சேன்னுதான் மாத்துனோம்."

"அது பொய்யிங்க!" என்று கத்தினேன். மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். மருமகள் பூவை விட்டாள், மதகு திறந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

தனம் அக்காவிடம் போனேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தம்மா உசுரோட இருந்த வரைக்கும் எனக்கும் வருஷத்துல ஒரு நாளு இருந்துச்சி டீச்சரம்மா," என்றார். "ஏன் கொளுத்துனீங்க?"