ஐந்தாவது மாடியில் எழுந்த சுவர்

கோரினும் ஹார்வியும் பிரிந்துவிட்டார்கள். ஆனால் இரண்டு பேரும் வீட்டைவிட்டுப் போகவில்லை. டுவேன் தெருவில் எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடி முழுவதும் அவர்கள் வாடகைக்கு எடுத்தது. நான் நான்காவது மாடி. அவர்கள் போட்ட சண்டையெல்லாம் என் தலைக்கு மேலேதான் நடந்தது.

ஒரு காலத்தில் சீஸும் வெண்ணெயும் அடுக்கி வைத்த கிடங்கு அது. கல்யாணமான புதிதில் இருவரும் வந்து, குளிர் அறைத் தடுப்புகளைத் தங்கள் கையாலேயே இடித்துத் தள்ளி, தெருப் பக்க ஜன்னலிலிருந்து பின்பக்கச் சந்து வரை ஒரே கூடமாக்கினார்கள். இரும்புத் தூண்களைத் தவிர மறைப்பென்று எதுவும் கிடையாது. ஜன்னலோரம் அவள் வரையும் பெரிய கேன்வாஸ்கள், ஒரு மூலையில் அவனுடைய வெல்டிங் பட்டறை. சந்தோஷமாக இருந்தவரை அந்த விசாலம் அழகாகத்தான் இருந்தது. வெறுப்பு வந்தபிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்க ஓர் அறைகூட இல்லை.

அதற்குள் பேட்டையும் மாறிவிட்டது. லாரிகள் நின்ற இடத்தில் ஓவியக் காட்சிக்கூடங்கள் வந்தன. கட்டடக்காரர் எங்களைக் கிளப்பிவிட்டுப் பணக்காரர்களுக்கு விற்கத் துடித்தார். குடியிருப்பவர்களைக் கிளப்பக் கூடாதென்று சட்டம் வந்தது. ஆனால் குடியிருக்க வேண்டும்; காலி செய்து போனவருக்கு உரிமை இல்லை. "நீ போ", "நான் எதுக்குப் போகணும், நீ போடா" என்பதை அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று கோரின் கல்லூரியில் ஓவிய வகுப்பு எடுக்கப் போயிருந்தாள். காலையில் நான் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, ஹார்வி சரக்கு லிஃப்டில் ஜிப்சம் பலகைகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன ஹார்வி, மேல என்ன கூத்து?"

"நடுவுல ஒரு சுவர் வைக்கிறேன், மில்டன். தெருப் பக்கம் எனக்கு. பின்பக்கம் அவளுக்கு."

"சமையல்கட்டு, கக்கூஸ் எல்லாம் பின்பக்கம்தானே இருக்கு?"

"பாத்தியா, எவ்வளவு தாராளமா விட்டுக்கொடுக்கிறேன்!"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிச்சமெல்லாம் தெருப் பக்கத்தில்தான்.

மத்தியானம் நான் சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் என் மாடியைத் தாண்டி மேலே போனது. கோரின் வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.  அப்புறம் அவள் குரல் கேட்டது.

"என் படத்தை என்னடா பண்ணின?"

"பின்பக்கம் நுழையல. மரச் சட்டத்திலேருந்து வெட்டிச் சுருட்டி வச்சிருக்கேன். பத்திரமாத்தான் இருக்கு, போய்ப் பாரு."

"ஈரப் படத்தைச் சுருட்டினியா? ஒரு வருஷ வேலைடா அது!"

"வேற வரைஞ்சுக்கோ. உனக்கென்ன, கையா இல்ல?"

"முகமூடியை மாட்டிக்கிட்டு இரும்பை ஒட்டுறவனுக்கு ஜன்னல் எதுக்குடா? இருட்டுல வேலை செய்றவன் நீ!"

முதல் அடி விழுந்ததும் என் கூரையிலிருந்து காரை பெயர்ந்து சூப்பில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு விளக்கு ஆடியது. நான் படியில் ஓடினேன்.

குளிர் அறைகளை இடித்த அதே சம்மட்டியை அவள் எடுத்திருந்தாள். அவன் மறுபக்கம் நின்றுகொண்டு சுவரைத் தோளால் தாங்கியிருக்கிறான். அது அவளுக்குத் தெரியாது. மூன்றாவது அடி பலகையைப் பிளந்துகொண்டு அவன் கழுத்தெலும்பில் இறங்கியது. மாடு கத்துவது போலக் கத்தினான். நான் உள்ளே நுழைந்தபோது ஓட்டையைக் கிழித்துக்கொண்டு அவன் வெளியே வந்தான். ஒரு கை தொங்கியது, மறுகையில் இரும்புக் கம்பி. இரண்டு பேரும் மாவில் புரண்டவர்கள் மாதிரி வெள்ளையாக இருந்தார்கள்.

"ஹார்வி, கம்பியைப் போடு!" என்றேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

சம்மட்டியைப் பிடித்திருந்த அவள் வலது கையைப் பார்த்து அடித்தான். விரல்கள் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. சம்மட்டி கீழே விழுந்தது. கம்பியை வீசிவிட்டு, குனிந்தவளின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, தரையோடு தரையாக லிஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். குறுக்கே பாய்ந்த எனக்கு ஓர் உதை விட்டான். தூணில் மோதி விழுந்தேன்.

"வெளிய போடி! இன்னையோட உனக்கு இங்க இடமில்ல!"

எங்கள் லிஃப்டின் கதவு மேலே தூக்கித் திறப்பது. அதன் பூட்டு கெட்டுப் பல காலம் ஆகிவிட்டது. லிஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்கும். தரைத்தளத்துக் காட்சிக்கூடத்தார் லிஃப்டைக் கீழே வரவழைத்திருந்தார்கள். ஹார்வி அதைக் கவனிக்கவில்லை. காலால் கதவை உந்தித் தூக்கிவிட்டு, அவளைத் தன் பக்கம் இழுத்தபடியே பின்பக்கமாகக் காலெடுத்து வைத்தான். அங்கே தரை இல்லை.

விழும்போது மயிரை விட்டுவிட்டான். ஒரு முழங்கை மட்டும் விளிம்பில் மாட்டியது. கால்கள் ஐந்து மாடி இருட்டின் மேல் உதறின. கோரின் குப்புறப் பாய்ந்து இரண்டு கையாலும் அவன் இடுப்பு வாரைப் பிடித்தாள். முறிந்த விரல்களாலும்தான். அந்தக் கதறலை என்னால் எழுத முடியாது. நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் குதிகாலை ஊன்றினேன்.

"விடாத கோரின்... விட்டுடாத..."

"பேசாத! பேசாம ஏறு, நாயே!"

ஏறினான். மூன்று பேரும் மல்லாந்து கிடந்தோம். ஹார்வி அழுதுகொண்டிருந்தான். முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

தரையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. கோரின் எழுந்து சம்மட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தாள். நான் எழுவதற்குள் அதை அவன் முழங்காலில் இறக்கினாள். ஒரே அடிதான். பிறகு அதைப் போட்டுவிட்டு, தன் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சாக விடல இல்ல?" என்றாள் அவனிடம். "அது போதும் உனக்கு."

போலீஸ் வந்தது. ஹார்வி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "லிஃப்ட்ல அடிபட்டுச்சு" என்றான். ஆச்சரியம், கோரினும், "ஆமா, லிஃப்ட்தான்" என்றாள். போலீஸ்காரர் பிளந்த சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வழக்கு முடியும்வரை இரண்டு பேரும் அந்த மாடிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாதென்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. இருவருமே குடியிருக்கவில்லையே என்று கட்டடக்காரர் வேறு ஒரு வழக்குப் போட்டு ஜெயித்தார். இப்போது ஒரு வங்கிக்காரர் குடும்பத்தோடு இருக்கிறார். அவர்களுடைய நாய் என் தலைக்கு மேல் ஓடுகிறது.

போன மாதம் கேனல் தெருவில் கோரினைப் பார்த்தேன். போலீஸிடம் சொன்னதற்காக என்னோடு பேசாமல் இருந்தவள், அன்று அவளாகவே நின்றாள்.

"கை எப்படி இருக்கு?" என்றேன்.

"கரண்டி பிடிக்க வருது. தூரிகை பிடிக்க வரல." அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "அவன்?" என்றாள்.

"அக்கா வீட்டுல இருக்கான். கோல் ஊன்றித்தான் நடக்கிறான்."

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான்."

 பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, சுரங்க ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டத்துக்குள் போய்விட்டாள்.