தணலை ஊதுகிறவர்

வாசுதேவன் அந்த மரச்சிற்பத்துக்கு எதிரே குனிந்து தன் கன்னங்களையும் உப்பிக்கொண்டார். கண்காட்சிக் காவலர் லேசாகச் செருமினார்.

"என்னங்க, பாக்குறாங்க," என்றாள் பாமா.

"நீயே பாரு. வெள்ளிக்கிழமை நான் நிக்கிற மாதிரியே இல்ல?"

ஐந்நூறு வருடங்களுக்கு முன் இந்த மியூனிக் பக்கத்தில் யாரோ செதுக்கியது. மாதா இறந்துகொண்டிருக்கிறாள். சீடர்கள் கட்டிலைச் சூழ்ந்து நிற்கிறார்கள். ஒருவர் கையில் புத்தகம், ஒருவர் கையில் மெழுகுவர்த்தி. ஓரத்தில் ஒருவர் மட்டும், அழக்கூட நேரமில்லாதவர்போல், தூபக்கலசத்தை ஊதிக்கொண்டிருக்கிறார்.

பாமாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. அதனால் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் சாம்பிராணித் தணலை ஊதுவது வாசுதேவன்தான்.

"இவரு ஐநூறு வருஷமா ஊதியும் புகை வரல பாரு. கரி ஈரம்போல," என்றார்.

வெளியே டிராமுக்குக் காத்திருக்கையில், கொஞ்சம் அசதியாக இருக்கிறதென்று பெஞ்சில் உட்கார்ந்தார். டிராம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

தகனத்துக்கு நாள் கிடைப்பதற்குள் பனி விழத் தொடங்கிவிட்டது. அவரோடு ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த கிருஷ்ணமூர்த்தி காரோடு வந்தபோது, பாமா அடுப்பில் மூட்டிய கரித்தணலைத் தூபக்காலில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அண்ணி, லேடீஸ் அங்க வர்ற வழக்கம் இல்லையே. நான் பாத்துக்கிறேன்."

"கொள்ளி வைக்கப் பிள்ளையில்ல தம்பி. வீட்டு நெருப்பு அவரோட அந்தக் கதவு வரைக்குமாவது போகட்டும்."

அவன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டான். மடியில் மடித்துப் போட்ட துண்டின்மேல் தூபக்கால் சுட்டுக்கொண்டே வந்தது.

தகன மண்டபத்தின் முதிய பணியாளர் தலையசைத்து மறுத்தார். மெழுகுவர்த்தி என்றால் சரியாம், தணல் கூடாதாம். கிருஷ்ணமூர்த்தி ஜெர்மனில் மன்றாடிப் பார்த்துவிட்டு, அனுமதி கேட்க அலுவலகத்துக்கு ஓடினான்.

சவப்பெட்டி இரும்புக் கதவுக்கு முன்னால் இருந்தது. தணலைச் சாம்பல் மூடிக்கொண்டு வந்தது. பாமா குனிந்து ஊதினாள். இரண்டாவது மூச்சிலேயே நெஞ்சு கீச்சிட்டது. மறுபடி முயன்றாள், இருமல்தான் வந்தது. நடுவில் ஒரே ஒரு கரித்துண்டு மட்டும் சிவப்பாக இருந்தது.

பணியாளர் அலுவலகப் பக்கம் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவள் கைகளுக்கு எதிரே குனிந்தார். அவர் கன்னங்கள் உப்பின. சாம்பல் பறந்து அவருடைய கறுப்புக் கோட்டில் படிந்தது.

பாமா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாம்பிராணியைத் தூவினாள். பெட்டி உள்ளே போய்க் கதவு மூடும்வரை அவர் நிமிரவில்லை.

கண்காட்சி முடிகிற வாரம் பாமா தனியாகப் போனாள். காவலர் அவளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

கட்டிலோரத்தில் அவர் இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தார். கலசத்திலிருந்து புகை வரவில்லை.