ஜகரியா மாடு கொடுத்த கதை

"நியாரையைக் குடுத்துடறதுன்னு முடிவாயிடுச்சு" என்றார் ஜகரியா. சட்சாக் களியை உருட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன.

நியாரைக்குப் பதினைந்து வயது. தகப்பன் இல்லை, பெரியப்பா ஜகரியா வைத்ததுதான் சட்டம். அவருடைய உழவு மாடுகளில் சில அடுத்தடுத்துச் செத்தன. வெளியூர் வைத்தியர் ஒருவரிடம் குறி கேட்டார். ஜகரியாவின் பாட்டன் எப்போதோ ஒரு கூலியாளை அடித்துக் கொன்றானாம். செத்தவனின் ஆவி இன்னும் ஆறவில்லையாம். செத்தவனின் குடும்பத்துக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தால் தணியுமாம்.

நியாரையின் அண்ணி ஷூவாய், சாப்பிட்டு முடித்தவர்களுக்கு முழங்காலிட்டுக் கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புஹேரா வட்டாரத்தில் பேர்போன வைத்தியக்காரி அவள்; செத்துப்போன தாத்தா ஒருவரின் ஆவி அவள்மேல் இறங்கிக் குறி சொல்லும்.

"கொன்னது ஆம்பளை மாமா. அதுக்குப் பொண்ணு எதுக்கு? மாட்டைக் குடுங்க."

"பெரியவங்க பேசுற இடத்துல பொம்பளைக்கு என்ன பேச்சு? தண்ணிய ஊத்து! வேணும்னா உன்மேல வர்ற தாத்தாவைக் கூப்பிடு. அவர் சொல்லட்டும், கேக்கிறேன்."

"சரி மாமா" என்றாள் ஷூவாய்.

மறுநாள் காலை கறுப்புத் துணியைப் போர்த்துக்கொண்டு, மூக்குப்பொடியை இழுத்தாள். உடம்பு குலுங்கியது. குரல் கிழவனுடையதாகத் தடித்தது. வீடே குனிந்து கை தட்டி வணங்கியது. ஜகரியா முழங்காலிட்டார்.

நான்கு குறிக்கட்டைகள் பாயில் உருண்டன.

"கொன்னது யார்றா?"

"எங்க பாட்டன், ஐயா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளைதான், ஐயா."

"அப்போ ஆம்பளையைக் குடு. நீயே கிளம்பு. அந்த வீட்டுல சோளம் இடிக்க ஆள் இல்லையாம்."

ஷூவாயின் மாமியார், நியாரையின் அம்மா, சிரிப்பை அடக்கத் துணி முனையை வாயில் திணித்துக்கொண்டாள். நியாரைக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது.

"ஐயா! எனக்கு முட்டி வலி, ஐயா! மாடு குடுத்துடறேன்!"

"நல்ல மாடா?"

"கொழுத்த மாடு, ஐயா!"

மாடுகள் போயின. அந்தக் குடும்பத்தார் மனம் நிறைந்து வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் அவர்களுக்கும் பெண்ணை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பாகத்தான் இருந்ததாம். நியாரை மறுபடி பள்ளிக்கூடம் போனாள்.

சமாதானத்துக்குக் காய்ச்சிய கேழ்வரகுக் கள்ளை ஒரு மொடா குடித்துவிட்டு ஜகரியா ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "தாத்தா வாக்குன்னா அது வாக்கு! ஒரு பொம்பளைக்கு இந்த யோசனை தோணியிருக்குமா?"

அடுக்களையில் மாமியார் மருமகளின் காதருகே வந்தாள். "நெசமாவே தாத்தா வந்தாராடி?"

"வந்தாரு அத்தை" என்றாள் ஷூவாய், களியைக் கிண்டியபடி. "மொத நாள் நான் பேசினப்பவும் கூடத்தான் இருந்தாரு. அப்போ யாரும் கை தட்டலை."