வரவேற்புப் பாட்டு

வெளிநாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த பதினாலு பேரையும் ஜிபெக்குக்கு இரண்டாம் நாளே பிடிக்காமல் போய்விட்டது. மலையைக் கண்டால் ஒரு பெருமூச்சு, குதிரையைக் கண்டால் ஒரு பெருமூச்சு, ரோட்டோரம் சாணி அள்ளுகிற கிழவியைக் கண்டால் அதைவிடப் பெரியதாக ஒன்று. எதைக் காட்டினாலும் 'எவ்வளவு அசல்!' என்றார்கள். தங்கள் ஊரில் அசலாக எதையும் பார்த்தே அறியாதவர்கள் போலும். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துச் சிரித்துத்தான், சுற்றுலா வழிகாட்டியாக, ஒன்பது கோடைகளாக அவள் வயிறு கழுவுகிறாள். அதனால் அந்த வெறுப்பில் ஒரு பங்கை அவளும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் சோங்கோல் ஏரிக்கரை. மேய்ச்சலுக்கு வந்து தங்கியிருக்கும் ஒமுர்பெக்கின் கம்பளிக் கூடாரத்தில் மதிய உணவு, பிறகு நாட்டுப்பாடல். அச்சடித்த பயணத்திட்டத்தில் அப்படித்தான் இருந்தது. வேன் மேட்டைத் தாண்டியதும் டிரைவர் கெமெல் பிரேக்கை மிதித்தார்.

கூடாரத்து வாசலில் ஒமுர்பெக்கின் இரண்டு மகன்களும் தம்பியும் இடுப்பில் கச்சை கட்டி, கம்பை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். எழவு வீட்டு ஆண்கள் நிற்கிற முறை அது.

"ஒமுர்பெக் போயிட்டான்," என்றார் கெமெல். "திருப்பிடவா, பொண்ணு?"

"எங்கண்ணே திருப்புறது? அடுத்த கூடாரம் ரெண்டு மணி நேரம். இதுங்களுக்குப் பசிச்சா என் பேரைப் போட்டுல்ல புகார் எழுதும்?"

"அதுக்கு? எழவு வீட்டை வேடிக்கை காட்டப் போறியா?"

போன மாதம்தான் திட்டத்தை மாற்றினாள் என்று ஒரு வழிகாட்டியைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியிருந்தது. புகார் எழுதியது ஒரே ஒரு ஆள். அதுவும் மழை பெய்ததற்கு.

"சாப்பிட வெச்சு ஒரு மணி நேரத்துல கிளப்பிடறேன்."

கெமெல் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். துக்க வீட்டுக்கு வருகிறவர் தூரத்திலேயே இறங்கி அழுதுகொண்டுதான் போக வேண்டும். வாசலில் நிற்கும் ஆண்கள் பதிலுக்குக் குரலெடுக்க வேண்டும். உள்ளே கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒப்பாரி தொடங்க வேண்டும். எத்தனை பேர் வந்தாலும் அத்தனை முறையும்.

"என் மலையே, சாஞ்சிட்டியே!" என்று கதறிக்கொண்டே கெமெல் நடந்தார். வாசலில் மூன்று குரல்கள் எழுந்தன. உள்ளிருந்து ஒமுர்பெக்கின் மனைவி சைராகுலின் குரல், கணவனின் குதிரையை, குல்லாயை, கோபத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடியது.

"அடடா! நம்ம டிரைவர்கூடப் பாடறாரே!" என்றார் வெர்னர். ஓய்வுபெற்ற பல் டாக்டர். கேமரா இல்லாமல் கண்ணைத் திறக்கத் தெரியாதவர். "என்ன பாட்டு இது?"

"வரவேற்புப் பாட்டு," என்றாள் ஜிபெக்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! சொன்ன பிறகு எப்படி அழுவது? காய்ந்த கண்ணோடு பதினாலு பேரையும் அந்த அழுகையின் நடுவே நடத்திக்கொண்டு போனாள். இரண்டு வருஷம் முன்பு வேன் பனியில் புதைந்தபோது, முழங்கால் பனியில் நடந்து வந்து தன் கம்பளிக் கோட்டை அவளுக்குப் போர்த்திவிட்டவர் ஒமுர்பெக். அன்றைக்கும் அவள் பயணிகளிடம் அவரைச் சுட்டிக்காட்டி, 'இவர்தான் எங்கள் மலைவாசிகளுக்கு நல்ல உதாரணம்' என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் துக்க வீட்டுக்கு இல்லை. எழவுக்கு வருகிறவர்களுக்கென்று அறுத்த ஆட்டில், கூடாரத்துக்கு வெளியே புல்தரையில், பதினாலு தட்டு நிரம்பியது. கறி மெத்தென்றிருப்பதாகப் பாராட்டினார்கள்.

வெர்னர் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு கவனிச்சேன். யாராவது வந்தா உடனே பாடறாங்க. முதல் தடவை கேமரா ஆடிடுச்சு."

அவள் என்னவென்று புரிந்துகொள்வதற்குள் அவர் வேன் வரைக்கும் போய்விட்டு, கேமராவை நெஞ்சில் பிடித்தபடி நிதானமாகத் திரும்பி நடந்து வந்தார். மூத்த மகன் ஜிபெக்கைப் பார்த்தான். அவள் ஏரியைப் பார்த்தாள். வந்தவன் வந்தவன்தானே. அவன் கம்பின் மேல் குனிந்து அழத் தொடங்கினான். உள்ளே சைராகுலின் குரல் கிழிந்து எழுந்தது.

"காத்து இரைச்சல் விழுந்துடுச்சு," என்றார் வெர்னர். "இன்னும் ஒரே ஒரு தடவை."

ஜிபெக் கூடாரத்துக்குள் ஓடினாள்.

"யாரு?" சைராகுல் சுவரிலிருந்து திரும்பவில்லை.

"நான்தான்க்கா, ஜிபெக்."

"எப்ப வந்தே?"

"அவங்களோடதான்."

"உன் குரல் கேக்கலையே."

"அக்கா, அந்தாளு மறுபடி வருவாரு. நீங்க அழாதீங்க. அது சும்மா, படம் எடுக்க."

"வர்றவன் எதுக்கு வர்றான்னு நான் ஏன் பாக்கணும்? அவன் வழக்கம் அவனுக்கு, என் வழக்கம் எனக்கு. தெரு நாய் வந்தாலும் எம் புருஷனுக்காக வந்துச்சுன்னு அழுதுட்டுப் போறேன். நீ எதுக்கு வந்தே? அதைச் சொல்லுடி."

ஜிபெக் வெளியே வந்தாள். வேனருகே தயாராக நின்ற வெர்னர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"கேமராவை இறக்குங்க," என்றாள் கிட்டப்போய். "அது பாட்டு இல்லை, ஒப்பாரி. இந்த வீட்டுக்காரர் உள்ள பொணமா கிடக்கறார். நாம தின்னது அவரோட எழவுச் சோறு."

ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னரின் முகம் சிவந்தது.

"வரவேற்புப் பாட்டுன்னு நீதானே சொன்னே? எங்களை இப்படி ஆக்கினது நீ. இதை நான் எழுதத்தான் போறேன்."

ஐந்து நாளில் அந்த ஆள் பேசியதில் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான். அவரை இன்னும் நன்றாக வெறுக்கலாம் என்று வந்தவளுக்கு அந்த வசதியும் போயிற்று.

"எழுதுங்க," என்றாள்.

வேனைத் தாண்டி மேட்டுவரை நடந்தாள். அங்கிருந்து திரும்பி, எழவுக்கு வருகிறவளாகக் கூடாரத்தைப் பார்த்து வரத் தொடங்கினாள். வாயைத் திறந்தாள். வந்தது திருத்தமான, தெளிவான குரல். வேனில் மைக்கைப் பிடித்து, இடதுபக்கம் பாருங்கள் என்று சொல்கிற குரல். அதற்கே வாசலில் ஆண்கள் கம்பின் மேல் குனிந்து பதில் கொடுத்தார்கள். பின்னால் யாரோ கேமராவைச் சொடுக்கினார்கள்.

உள்ளேயிருந்து சைராகுலின் ஒப்பாரி எழவில்லை.

வாசலுக்கு இன்னும் நாற்பது அடி இருந்தது. மறுபடி வாயைத் திறந்தாள்.