ஞாயிற்றுக்கிழமைச் சமையல்காரன்

முயலைத் துண்டு போட்டது ரெமேய். கோழியை எண்ணெயில் சிவக்க வறுத்தது ரெமேய். பட்டை பீன்ஸ், வெள்ளை மொச்சை, துருவிய தக்காளி, குங்குமப்பூ, தண்ணீர் என்று எல்லாம் அதனதன் நேரத்தில் சட்டியில் இறங்கியதும் அவள் கையால்தான். ஆரஞ்சு விறகின் புகையில் நின்று நின்று கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. அவள் புருஷன் நெலோ அதுவரை எங்கே இருந்தான் என்று கேட்கிறீர்களா? துரை குளித்துக்கொண்டிருந்தார்.

வயல் வரப்பில் ஆள் தலை தெரிந்ததும் வந்தான் பாருங்கள்! வெள்ளைச் சட்டை, வாரிய தலை, அதன்மேல் மடிப்புக் கலையாத ஏப்ரன். வந்த வேகத்தில் ரெமேயின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்தே அந்த அடுப்படியில் நிற்பவனைப் போல நின்றுகொண்டான்.

"வாங்க வாங்க! சரியான நேரத்துக்கு வந்தீங்க. இப்பத்தான் அரிசி போடப் போறேன்."

வந்தவர்கள் வடக்கே பில்பாவோ நகரத்துக்காரர்கள். அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நடக்க வந்த கூட்டம். அவர்களை அழைத்து வந்தவள் இட்சியார் என்ற பெண். இன்றைய பாயேயாச் சோறு பிடித்துப்போனால் இலையுதிர் காலம் தொடங்கி ஞாயிறுதோறும் தன் ஆட்களை இங்கேயே அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் பேசி இந்த ஏற்பாட்டைச் செய்தவளும் ரெமேய்தான். அரிசி ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த வேலை போன வருஷம் போய்விட்டது. அதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. தன் கையால் ஒரு தொழில், அதற்குத் தன் பெயர். இது பேராசையா, சொல்லுங்கள்.

நெலோ அரிசியைச் சட்டியின் நடுவே ஒரே கோடாகக் கொட்டினான். ரெமேய் அளந்து வைத்திருந்த அரிசி. கூட்டம் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தது.

"வீட்டம்மா ஒண்ணும் செய்ய மாட்டாங்களா?" என்று இட்சியார் சிரித்தபடி கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையில இந்த ஊர்ல ஆம்பளைங்கதான் பாயேயா வைப்போம். பொம்பளைங்களுக்கு இன்னைக்கு ஓய்வு. ராணி மாதிரி உக்காந்து சாப்பிட்டாப் போதும்." நெலோ ரெமேயைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "என்னடி, சரிதானே?"

ஓய்வு! ரெமேய் முப்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் கேட்கிற பேச்சுதான். ஆனால் இன்றைக்கு, அவளே கூட்டி வந்த ஆட்களுக்கு முன்னால், எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகாத கையோடு நிற்கும்போதே சொன்னானே!

"சரி" என்றாள் அவள். தன் அழுக்கு ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டி மரத்தடியில் எறிந்துவிட்டு, விருந்தாளிகளோடு மேசையில் போய் உட்கார்ந்தாள்.

நெலோவுக்கு அதிலே ஒன்றும் உறைக்கவில்லை. அரிசியைப் பரப்பிவிட்டால் அப்புறம் கிளறக் கூடாது, கரண்டியே படக் கூடாது. ஆகையால் தன் வேலை முடிந்தது என்பது அவன் கணக்கு. கூட்டத்தில் இரண்டு ஆண்களைத் தோளில் தட்டி எழுப்பினான்.

"வாங்கய்யா, முக்குக் கடையில ஒரு கிளாஸ் வெர்மூத் போட்டுட்டு வருவோம். அது பாட்டுக்கு வேகும்."

அது பாட்டுக்கு வேகுமாம்! தீயைக் கூட்டுவது யார், குறைப்பது யார், கடைசியில் அடி காந்தலாகும்போது விறகை இழுத்துப் போடுவது யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இந்த மனுஷன் யோசித்திருப்பானா? மாட்டான். அவன் கடையிலிருந்து திரும்பும்போது எல்லாம் தயாராக இருக்கும். ஒரு கைப்பிடியை அவனும் மறு கைப்பிடியை அவளுமாகத் தூக்கி வருவார்கள். சமைத்தவருக்குக் கைதட்டுங்கள் என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவன் குனிந்து கும்பிடு போடுவான்.

இட்சியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அற்புதமான ஆளுங்க உங்க வீட்டுக்காரர். எனக்குப் பிடிச்சுப் போச்சு. எங்க நடைப்பயண அறிவிப்புல அவர் பேரையே போட்டுடலாம்னு இருக்கேன். 'நெலோவின் பாயேயா'. எப்படி?"

வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று ரெமேய்க்குத் தெரியும்.

அடுப்பில் கொதி அடங்கிக்கொண்டு வந்தது. அவள் முதுகுப் பக்கம்தான் அடுப்பு. ஆனாலும் காது அங்கேயே இருந்தது. தண்ணீர் சுண்டிவிட்டது. இனி மெல்ல சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் வந்த பிறகு கொஞ்ச நேரம் விட்டால் பொன்னிறக் காந்தல், இன்னும் கொஞ்சம் விட்டால் கரி.

கரியாகட்டுமே! போய்க் காப்பாற்றினால் அந்தப் பெயர் நெலோவுக்கு, எல்லா ஞாயிறும் நெலோவுக்கு. விட்டுவிட்டால் யாருக்கும் இல்லை. வெறும் வயிற்றோடு இந்த ஜனங்கள் பில்பாவோ போய்ச் சேரட்டும். ரெமேய் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சடசடவென்று சத்தம் வந்தது.

"ஏதோ வாசனை வருதே" என்றாள் இட்சியார். "உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடணுமோ?"

"எதுக்கு? சமைக்கிறவருக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டாளே தவிர, உட்கார முடியவில்லை. முயல் என்ன பாவம் செய்தது? விடிந்ததிலிருந்து புகையில் நின்றது இதற்கா? நான் ஏன் என் சோற்றைக் கரியாக்க வேண்டும், அவன் கடையில் உட்கார்ந்து குடிப்பதற்காக?

ரெமேய் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஒரே ஓட்டமாக அடுப்புக்குப் போய் விறகை இழுத்து மண்ணில் போட்டாள். காதைச் சட்டிக்கு நேராகக் கொண்டுபோய்க் கேட்டாள். இன்னும் கரியவில்லை. வாசனைக்கு ரோஸ்மேரிக் கொத்து ஒன்றைச் சோற்றின்மேல் வைத்துச் செய்தித்தாளால் மூடினாள். அப்புறம்தான் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"இட்சியார்! வந்து அந்தப் பக்கக் கைப்பிடியைப் பிடிங்க!"

இட்சியார் ஓடி வந்து, சூடு தாங்காமல் துணியைச் சுற்றிப் பிடித்தாள். "நாங்க தூக்கலாமா? அவர் வரட்டுமே?"

"அவர் எதுக்கு வரணும்? சமைச்சவனா இருந்தா இந்த நேரம் இங்க நின்னிருப்பான். காலையிலேர்ந்து சமைச்சது நான். உங்களுக்குப் போன் பண்ணதும் நான். அந்த ஆளு அரிசியைக் கொட்டினதோட சரி!"

இட்சியார் அவள் கையைப் பார்த்தாள். சிவந்த கண்ணைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அட கடவுளே" என்றாள். "தூக்குங்க."

சட்டியை மேசை நடுவே வைத்தார்கள். இங்கே தட்டு கிடையாது. சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கிற பங்கை அவரவர் மரக்கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். சமைத்தவர் சட்டி விளிம்பைத் தட்டும்வரை யாரும் கரண்டியை வைக்கக் கூடாது. சோறு கொஞ்ச நேரம் அடங்கியதும் ரெமேய் தாளை எடுத்துவிட்டு ஓங்கித் தட்டினாள்.

நெலோ வெர்மூத் வாசனையோடு திரும்பி வந்தபோது பாதிச் சட்டி காலி. எல்லோரும் அடியிலிருந்த காந்தலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கூடப் போன இருவரும் அவசர அவசரமாகக் கரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"என்னய்யா இது! நான் வர்றதுக்குள்ள யாரு ஆரம்பிக்கச் சொன்னது?"

"சமைச்சவங்கதான்" என்றாள் இட்சியார், வாயில் சோற்றோடு.

நெலோ ரெமேயைப் பார்த்தான். அவள் மொச்சையை மென்றுகொண்டிருந்தாள். யாரோ சமைத்தவருக்குக் கைதட்டுங்கள் என்றார்கள். பழக்க தோஷம், நெலோவின் தலை தானாகக் குனிந்தது. ஆனால் தட்டிய கைகள் எல்லாம் ரெமேயின் பக்கம் திரும்பியிருந்தன.

"அறிவிப்புல 'ரெமேயின் பாயேயா'ன்னு போட்டுடறேன்" என்றாள் இட்சியார்.

"ஏண்டி, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று நெலோ முணுமுணுத்தான். "ஊரு முன்னாடி மானத்தை வாங்கிட்டியே."

"இத்தனை வருஷமா நீ வாங்கினது யாரு மானமாம்?" ரெமேய் கரண்டியை நக்கிவிட்டு வைத்தாள். "சரி, சாப்பிட்டு முடிச்சுட்டுச் சட்டியைத் தேய்ச்சு வை."

"நானா?"

"ஞாயித்துக்கிழமையாச்சே. பொம்பளைங்களுக்கு ஓய்வு."

மேசை முழுவதும் சிரிப்பு. சாப்பிட்டானதும் நெலோ எழுந்து சட்டியைத் தூக்கப் பார்த்தான். அவ்வளவு பெரிய சட்டியை ஒற்றை ஆளால் தூக்க முடியாது. மறு கைப்பிடியைப் பிடிக்க யாராவது வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தான். ரெமேய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டாள்.