செத்தவர் சொன்ன நன்றி

அப்பா சிரிப்பதைப் பார்த்ததும் யோங்ரேவுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது.

கொரியாவில் குன்சான் நகர மீடியா சென்டரில், பின்வரிசைக் கம்ப்யூட்டரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். செத்து இருபது வருஷம் ஆகிறது. சாவு வீட்டில் கறுப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்த அதே படம்தான். மனிதர் உயிரோடு இருந்த காலத்தில் வீட்டில் யாரும் அவர் பல்லைப் பார்த்ததில்லை. இப்போது கண்ணைச் சிமிட்டினார், தலையைச் சாய்த்தார், "இத்தனை வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டே. நன்றி" என்றார். பின்னணியில் பியானோ வேறு.

"டீச்சர், இது யார் பண்ண வேலை?"

வகுப்பெடுக்கும் நாரே சின்னப் பெண். பாராட்டு வரப்போகிறது என்று நினைத்து முகம் மலர்ந்தாள். "உங்க அண்ணன் போன் பண்ணாரும்மா. போட்டோ அனுப்பி, அப்பா வந்து அம்மாவுக்கு நன்றி சொல்ற மாதிரி வேணும்னாரு. நேத்து பூரா உக்காந்து ஏஐ-ல செஞ்சேன்."

"அம்மா பேசினது எங்க?"

"அது அவ்வளவு தெளிவா இல்லம்மா. உங்க அம்மா பொறந்தநாள் விழாவுல அது வேண்டாம்னு அண்ணனும் சொன்னாரு."

தெளிவாக இல்லையாம். மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாத யோங்ரே, ஐம்பத்தேழு வயசில் இந்த வகுப்பில் சேர்ந்ததே அந்தக் குரலுக்காகத்தான். சொந்தக் குடும்பக் கதையை மூன்று நிமிஷப் படமாக எடுக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாள். அம்மாவோ வாயைத் திறக்கிற ஆள் இல்லை. வாராவாரம் போய், சமையலறையில் போனை ரெக்கார்டில் போட்டுவிட்டு, கூடவே உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்து கொடுத்தாள். ஒருநாள் அம்மா மீன்தலையைக் கிள்ளியபடியே சொன்னாள்: "உங்க அப்பா போன அன்னைக்குத்தான் காலை நீட்டித் தூங்கினேன். அதுவரைக்கும் கதவு சத்தம் கேட்டா எழுந்து ஓட வசதியா, மடங்கியே படுத்திருப்பேன்." அவ்வளவுதான், அடுத்த மீனை எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு வரிதான் படம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஒட்டியது.

குடும்பப் படங்கள் எல்லாம் மூத்த பிள்ளை வீட்டில்தானே இருக்கும். அதனால்தான் அண்ணன் டேசிக்கின் நம்பரை நாரேயிடம் கொடுத்தாள். கொடுத்த கையைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"முதல் நாள் போர்டுல என்ன எழுதிப் போட்டீங்க டீச்சர்? உங்க கதையை நீங்கதான் சொல்லணும், வேற யாரையும் சொல்ல விடாதீங்கன்னு எழுதினீங்கல்ல?"

நாரே தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்."

"அந்த ஆளு அதைச் சொல்லலம்மா. நாப்பது வருஷம் சொல்லல. சொல்லாதவருக்கு நீங்க எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?"

வாசலுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"எண்பதாவது பொறந்தநாள்ல போய் அப்பா அடிச்சாரு உதைச்சாருன்னு படம் காட்டுவியா? என் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்கடி" என்றான் டேசிக்.

"அடிச்சாரா இல்லையா?"

"அந்தக் காலத்துல யார்தான் அடிக்கல?"

"உன்னை அடிக்கலையே அண்ணே."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அம்மாவின் குரல் நல்லவேளையாக அவள் போனில் பத்திரமாக இருந்தது. நாரேவும் கூட உட்கார, அம்மா பேசுகிற பழைய படத்தை மறுபடி ஒட்டி எடுத்தாள். பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை விருந்து மண்டபத்துக்குப் போனால், டேசிக் முந்திக்கொண்டிருந்தான். "ஐயா கொடுத்ததைத் தவிர வேற எதையும் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றான் மண்டபத்து ஆள்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக விழுந்து வணங்கினார்கள். ஊதா நிற ஹன்போக் பட்டுடையில் அம்மா பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். விளக்குகள் அணைந்தன. சுவர் முழுக்க அப்பா வந்து சிரித்தார், நன்றி சொன்னார். அத்தைகள் மூக்கை உறிஞ்சினார்கள். சம்பந்தியம்மா கைக்குட்டையை எடுத்தாள். பிறந்தநாள் விருந்தில் சாவுப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

படம் முடிந்ததும் அம்மா சொன்னாள்: "இன்னொரு தடவை போடு."

டேசிக் தங்கையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அறையலாம் போலிருந்தது. ஆனால் அதைவிட அம்மா மேல்தான் யோங்ரேவுக்கு ஆத்திரம் வந்தது. வாங்கிய அடிக்கெல்லாம் இந்த மெஷின் சொன்ன ஒரு வார்த்தை போதுமா? இதற்காகவா இத்தனை நாள் காத்திருந்தாய்? பென் டிரைவைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டுப் போய்விடலாம் என்று எழுந்தேவிட்டாள்.

மறுபடி அப்பா வந்தார். "நன்றி" என்றார்.

"அங்கேயே நிறுத்து" என்றாள் அம்மா.

அப்பா வாயைத் திறந்தபடி சுவரில் நின்றார். அம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து, விழாவை நடத்துகிறவனின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க இப்படியெல்லாம் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. பேசிட்டீங்க, நானும் பதில் சொல்லணும்ல. என் இடது காது வயசாகிக் கேக்காமப் போச்சுன்னு பசங்க நினைச்சிட்டிருக்குதுங்க. சூப்புல உப்பு கூடிப்போச்சுன்னு நீங்க அறைஞ்சதுல போச்சு. டேசிக் அப்ப என் வயித்துல இருந்தான்."

இது யோங்ரேவின் போனில் இல்லை. இத்தனை வருஷம் அம்மாவின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, காது கேட்கவில்லையா என்று சலித்துக்கொண்டவள்தான் அவளும்.

"மைக்கை ஆஃப் பண்ணுப்பா" என்று டேசிக் கத்தினான். மண்டபத்து ஆள் சுவிட்சுப் பக்கம் திரும்பினான். யோங்ரே ஓடிப்போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள். "கையை வச்சுப் பாரு" என்றாள்.

அம்மா மெதுவாகத் திரும்பினாள், வலது காதை மகன் பக்கம் காட்டியபடி.

"உக்காருடா. அவர் பேசினப்ப எல்லாரும் கேட்டீங்கல்ல? நான் இன்னும் முடிக்கல."